வாக்குச் சீட்டும் எல்லைக் கோடும்: மார்ஷல் அ. நேசமணி அவர்கள் வரலாறு

ஆண்டு விழா மலருக்குத் தமிழ்ப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது நாம் நெடிது ஆராய வேண்டியிருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களுக்கு மார்ஷல் அ. நேசமணி அவர்களைக் காட்டிலும் நெருங்கிய பெயர் வேறொன்று இருத்தல் அரிது. அவர் சட்டம் பயின்றது இந்நகரில். உறுப்பினராய் அமர்ந்து வாதாடிய சட்டசபை இருந்ததும் இந்நகரில். எந்த ராஜ்யத்தினின்றும் தம் மக்கள் பிரிந்து செல்ல வேண்டுமென்று அவர் வாதாடினாரோ, அந்த ராஜ்யத்தின் தலைநகரும் இதுவே. அவர் வெற்றி பெற்றார். எல்லை தெற்கே களியக்காவிளைக்கு வந்தது. நாமோ எல்லைக்கு இப்பால் இருக்கிறோம். ஆகையால் அவர் வரலாற்றை நாம் படிக்கும் முறையும் நாகர்கோவிலில் இருப்போர் படிக்கும் முறையும் ஒன்றாக இருக்க இயலாது.

இன்று கன்னியாகுமரி மாவட்டம் எனப்படும் நிலப்பகுதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களாகத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில் அமைந்திருந்தது. சமஸ்தானத்தின் பழைய தலைநகரான பத்மநாபபுரமே கல்குளம் தாலுகாவில்தான் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஆட்சிபீடம் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. இன்றும் நவராத்திரி தோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக இந்நகருக்கு எழுந்தருளுவதை நாம் கண்டு வணங்குகிறோம். அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதனைப் பேணுவது கேரள அரசு. கோடு வரைந்த பின்னும் அறுபடாத உறவுகள் பல உண்டு என்பதற்கு இவை சான்று.

இத்தென்கோடியில் பள்ளியாடி என்னும் சிற்றூரில் 1895-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள் நேசமணி அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் பெயர் அப்பாவு, தாயார் ஞானம்மாள். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னர் திருவனந்தபுரத்தில் மேற்படிப்பும் சட்டப் படிப்பும் முடித்து, 1921-ஆம் ஆண்டு முதல் நாகர்கோவிலில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தலானார். குற்றவியல் வழக்குகளில் அவருக்கு நிகரில்லை என்னும் பெயர் விரைவில் பரவிற்று.

அக்காலத்து நாகர்கோவில் நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேற்சாதியார் எனப்பட்ட வழக்கறிஞர்களுக்கு நாற்காலி, ஏனையோருக்கு முக்காலி. இருவரும் ஒரே சட்டத்தைப் பயின்றவர்கள். ஒரே நீதிபதியின் முன் வாதாடுபவர்கள். ஆயினும் அமரும் பலகையில் வேற்றுமை. நேசமணி அவர்கள் அம்முக்காலிகளை அப்புறப்படுத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்றும், அன்றோடு அவ்வழக்கம் ஒழிந்தது என்றும் குமரி நாட்டில் இன்றும் சொல்வார்கள். பின்னாளில் அவர் வழக்கறிஞர் சங்கத்தின் தலைவராகவும், நாகர்கோவில் நகரசபைத் தலைவராகவும் விளங்கினார். இருக்கை என்பது மரச்சாமான் மட்டுமன்று, அது உரிமையின் அடையாளம் என்பதை அவர் தொழிலின் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். பின்னர் சட்டசபை இருக்கைகளுக்காக அவர் நடத்திய போராட்டத்தின் வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

இனி அக்காலத்து வாக்குரிமை நிலையைச் சிறிது நோக்குவோம். திருவிதாங்கூரில் 1888-ஆம் ஆண்டிலேயே சட்டசபை ஒன்று அமைக்கப்பட்டது. 1904-ஆம் ஆண்டில் ஸ்ரீமூலம் பிரஜா சபை தோன்றிற்று. இந்திய சமஸ்தானங்களில் இது பெருமைக்குரிய செயலே. ஆயினும் வாக்களிக்கும் உரிமை வரி செலுத்துவோர்க்கும் சொத்துடையார்க்குமே இருந்தது. நிலமில்லாதான் குரலற்றவன். ஜனநாயகத்தின் தாயகம் எனப்படும் ஆங்கில நாட்டிலும் இந்நிலை நெடுங்காலம் இருந்ததுண்டு. ஓல்டு சாரம் என்னும் இடத்தில் குடியிருப்பே ஏறக்குறைய அற்றுப் போயிருந்தும் அது பார்லிமெண்டுக்கு இருவரை அனுப்பிக்கொண்டிருந்தது. மான்செஸ்டர் போன்ற பெருநகரங்களுக்கோ தனி உறுப்பினர் எவரும் இல்லை. 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வந்த பின்னரே அம்முறை திருந்தத் தொடங்கிற்று. தொகுதியின் எல்லையை எங்கே வரைவது, யாருக்கு வாக்கு அளிப்பது என்னும் இரண்டு வினாக்களுக்கும் கிடைக்கும் விடையைப் பொறுத்தே மக்களின் தலைவிதி அமைகிறது என்பது எந்நாட்டுக்கும் பொதுவான உண்மை.

திருவிதாங்கூரில் தமிழ் பேசுவோர் சிறுபான்மையினர். ஆனால் தென் தாலுகாக்களில் அவர்களே பெரும்பான்மையினர். அரசாங்கக் காரியாலயங்களிலும் கல்விக் கூடங்களிலும் தங்கள் மொழிக்கு உரிய இடமில்லை என்பது அவர்களின் நெடுநாள் மனக்குறை. இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு 1945-ஆம் ஆண்டு டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் முதலியோர் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்னும் பெயரை ஏற்றது. ஸ்ரீமூலம் சபையில் உறுப்பினராயிருந்து சமஸ்தான அரசியலை நன்கறிந்திருந்த நேசமணி அவர்கள், 1947-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாகர்கோவிலில் கூடிய கூட்டத்திற்குத் தலைமை வகித்து இவ்வியக்கத்தின் பொறுப்பை மேற்கொண்டார். அப்போது அவருக்கு வயது 52. வருவாய் மிக்க தொழிலும் ஊரார் மதிப்பும் உடைய ஒருவர், ஓய்வை நாடும் வயதில் போராட்டத்தை நாடினார்.

1948-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்னும் அடிப்படையில் தேர்தல் நடந்தது. இந்திய நாடு முழுவதும் அத்தகைய தேர்தலைக் காண இன்னும் மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. மொத்த இடங்கள் 120. அவற்றில் சமஸ்தானக் காங்கிரஸ் 97, தமிழ்நாடு காங்கிரஸ் 14, முஸ்லிம் லீக் 9 இடங்களைப் பெற்றன. பதினான்கு என்பது சிறு எண்தான். ஆனால் அவை அனைத்தும் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்தவை. வாக்குச் சீட்டு நிலமில்லாதவன் கைக்கு வந்த முதல் முறையே அவன் தன் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டான். அத்தேர்தல் வேளையில் மங்காட்டில் தேவசகாயம், செல்லையா என்னும் இருவர் உயிர் துறந்தனர். இயக்கத்தின் முதற்பலி அது.

1949-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. தமிழரின் விகிதம் புதிய ராஜ்யத்தில் மேலும் குறைந்தது. 1951-52-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நேசமணி அவர்கள் நாகர்கோவில் தொகுதியிலிருந்து லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த தொகுதியாகிய திருவனந்தபுரம் அதே தேர்தலில் ஆனி மஸ்கரீன் அம்மையாரைச் சுயேச்சை உறுப்பினராக அனுப்பிற்று. அருகருகே இருந்த இரண்டு தொகுதிகளும் பெருங்கட்சியை விடுத்துத் தம் மனத்துக்கு இசைந்தவரைத் தேர்ந்தன என்பது நோக்கத்தக்கது. ராஜ்யசபையில் அ. அப்துல் ரசாக் அவர்கள் இயக்கத்தின் குரலாய் விளங்கினார்.

திருவனந்தபுரத்துச் சட்டசபையில் அப்போது மொத்தம் 108 இடங்கள். தமிழ்நாடு காங்கிரஸுக்கு 8. ஆனால் 44 இடங்களே பெற்ற காங்கிரஸ் கட்சி தனித்து ஆள இயலாத நிலையில் இருந்தது. ஆகவே ஏ. ஜே. ஜான் அவர்களின் மந்திரிசபை தமிழ் உறுப்பினர்களின் ஆதரவில் நின்றது. தம் கோரிக்கை செவியேறாமையால் தமிழர் அவ்வாதரவை விலக்கிக் கொண்டனர். 1953-ஆம் ஆண்டு செப்டம்பரில் மந்திரிசபை கவிழ்ந்தது. 1954-ஆம் ஆண்டு இடைத் தேர்தலில் 117 இடங்களில் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களைப் பெற்றது. தராசின் நுனியில் வைக்கும் ஒரு குன்றிமணியும் தட்டைச் சாய்க்கும் என்பதை இத்தேர்தல்கள் காட்டின. இயக்கத்தினுள் பிளவுகளும் பிணக்குகளும் நேர்ந்ததுண்டு. ஆயினும் நெருக்கடி வந்தபோது அவர்கள் ஒன்றுபட்டார்கள்.

நெருக்கடி 1954-ஆம் ஆண்டிலேயே வந்தது. தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளில் தேயிலைத் தோட்டத் தொழிலாளராய் இருந்த தமிழர்கள் பல இன்னல்களுக்கு ஆளாயினர். அவர்களைக் காண நேசமணி அவர்களும் அப்துல் ரசாக், சிதம்பரநாதன் ஆகியோரும் தடையுத்தரவை மீறிச் சென்று கைதாயினர். இச்செய்தி தெற்கே கிளர்ச்சியை மூட்டிற்று. ஆகஸ்டு 11-ஆம் நாளை விடுதலை நாளாகக் கொண்டாட மக்கள் திரண்டனர். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். வயலிலும் பனையிலும் பாடுபட்டு உண்ட எளிய மக்கள் உயிரிழந்தனர்.

அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை அவர்கள் தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. அச்சபை காங்கிரஸின் ஆதரவில் நின்றது. அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா அவர்கள் வடநாட்டில் சிறையில் இருந்தார். மக்கள் மீது சுட்ட சோஷலிஸ்ட் மந்திரிசபை பதவி விலக வேண்டும் என்று அவர் அங்கிருந்தே வற்புறுத்தினார். கட்சி அதனை ஏற்கவில்லை. இதனால் எழுந்த பிணக்கு வளர்ந்து, லோகியா அவர்கள் பிரிந்து சென்று 1955-ஆம் ஆண்டு இறுதியில் தனிக்கட்சி காணும் வரை சென்றது. குமரியின் சிற்றூரில் வெடித்த துப்பாக்கியின் ஓசை அகில இந்தியக் கட்சி ஒன்றையே பிளந்தது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர்.

மொழிவழி மாகாணங்களைப் பற்றி ஆராய 1953-ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு ஒரு குழுவை நியமித்திருந்தது. பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவர் அதன் உறுப்பினர்கள். 1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அளித்த அறிக்கையில், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டுமென்று அக்குழு கூறிற்று. தேவிகுளம், பீர்மேடு ஆகியவை சேர வேண்டா என்றது. தோட்டங்களுக்கு வந்து போகும் தொழிலாளரைக் கொண்டு எல்லையை முடிவு செய்தல் ஆகாது, அம்மலைப்பகுதி புதிய ராஜ்யத்தின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதது என்பன அதன் எண்ணங்கள். லோக்சபையில் நேசமணி அவர்கள் விடுபட்ட பகுதிகளுக்காக வாதாடினார்; பயன் விளையவில்லை.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டம் என்னும் பெயருடன் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு இணைந்தது. அதே நாளில் கேரள ராஜ்யமும் பிறந்தது. மக்கள் நேசமணி அவர்களைக் குமரித் தந்தை என்று கொண்டாடினர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வெற்றி முழுமையானதன்று. தேவிகுளமும் பீர்மேடும் போயின. நெய்யாற்றின்கரையும் சித்தூரும் போயின. எங்கே கோடு வரைந்தாலும் கோட்டுக்கு அப்பால் சிலர் நிற்கத்தான் வேண்டும். குமரி மாவட்டத்தில் மலையாளம் பேசுவோர் இருக்கின்றனர். திருவனந்தபுரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுவோர் இருக்கின்றனர். கிழக்குக் கோட்டைப் பக்கத்துத் தெருக்களில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களை எந்தக் குழுவும் எந்த ராஜ்யத்திலும் கொண்டு சேர்க்க இயலாது. எல்லை மாற்றம் பெரும்பான்மையாய் ஓரிடத்தில் திரண்டிருப்போருக்குத் தீர்வாகலாம். சிதறி வாழ்வோருக்கு அது தீர்வாகாது. இதனை உணர்ந்தே போலும், அதே நவம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம், மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ராஜ்யங்கள் முயல வேண்டும் என்று விதித்தது. அவர்களுடைய நலனைக் கவனிக்கத் தனி அதிகாரி ஒருவரையும் ஏற்படுத்திற்று. எல்லைக்கு அப்பால் நின்றவர்களுக்கு ஆன்றோர் தந்த உறுதிமொழி அது.

இணைப்புக்குப் பின் தமிழ்நாடு காங்கிரஸ் தன் வேலை முடிந்ததெனக் கொண்டு அகில இந்தியக் காங்கிரஸோடு கலந்தது. 1957-ஆம் ஆண்டில் தாணுலிங்க நாடார் அவர்கள் நாகர்கோவிலிலிருந்து லோக்சபைக்குச் சென்றார். நேசமணி அவர்கள் கிள்ளியூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்குச் சென்றார். ஒரு காலத்தில் திருவனந்தபுரத்தில் பிரிவினை கேட்டு நின்றவர், கேட்டது கிடைத்தபின் சென்னையில் சாதாரண உறுப்பினராய் அமர்ந்து பணியாற்றினார். 1962-ஆம் ஆண்டிலும் 1967-ஆம் ஆண்டிலும் மீண்டும் நாகர்கோவில் மக்கள் அவரை லோக்சபைக்கு அனுப்பினர். 1967-ஆம் ஆண்டு வீசிய புயலில் சென்னை ராஜ்யத்தின் 39 லோக்சபைத் தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிட்டியவை மூன்றே. அம்மூன்றில் ஒன்று நாகர்கோவில். 1968-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், 73 வயது நிறையச் சில நாட்களே எஞ்சியிருக்க, அவர் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற இடத்திற்கு 1969-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த உபதேர்தலில் நின்று வென்றவர் பெருந்தலைவர் காமராசர் அவர்கள். சொந்த ஊராகிய விருதுநகர் 1967-ஆம் ஆண்டில் கைவிட்ட தலைவரை நாகர்கோவில் ஏந்திக் கொண்டது. 1971-ஆம் ஆண்டிலும் அவரையே தேர்ந்தது. அவர் மறைவுக்குப் பின் 1977-ஆம் ஆண்டில் குமரி அனந்தன் அவர்களும், 1980-ஆம் ஆண்டு முதல் ஆறு முறை டென்னிஸ் அவர்களும் அத்தொகுதியின் உறுப்பினராயினர். தமிழ்நாடு முழுதும் ஒரு பக்கம் சாயும்போது மறு பக்கம் நிற்கும் துணிவு அத்தொகுதிக்கு இருந்து வந்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் நாகர்கோவில் என்னும் லோக்சபைத் தொகுதிப் பெயர் மறைந்து, கன்னியாகுமரி என்னும் பெயர் வந்தது. 2009-ஆம் ஆண்டு முதல் அப்பெயரிலேயே தேர்தல் நடக்கிறது. பெயர் மாறினும் வாக்காளரின் இயல்பு மாறவில்லை.

நேசமணி அவர்களின் பெயரை மார்த்தாண்டத்துக் கிறித்தவக் கல்லூரி தாங்கி நிற்கிறது. நாகர்கோவிலில் மணிமண்டபம் உள்ளது. குமரி மாவட்டத்து அரசுப் பேருந்துகளும் ஒரு காலத்தில் அவர் பெயரைத் தாங்கி ஓடின. பின்னர் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டபோது அதுவும் நீங்கிற்று. ரயில்வேயில் எழுதுவினைஞராய்ப் பணிபுரியும் நமக்கு வேறொரு நினைவும் உண்டு. 1979-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையில் பாறசாலை கடந்து, குழித்துறை கடந்தால் பள்ளியாடி என்னும் சிறு நிலையம் வரும். விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. அந்நிலையமும் நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் இன்றும் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தைச் சேர்ந்தவை. ராஜ்யங்களின் எல்லை வேறு, தண்டவாளங்களின் எல்லை வேறு. பிரிந்த பின்னும் ஒரே கால அட்டவணையில்தான் இரு நாட்டாரும் பயணம் செய்கிறோம்.

இப்பெரியாரின் வாழ்விலிருந்து நம் போன்றோர் கொள்ள வேண்டுவது யாது? அவரிடம் படை இருந்ததில்லை. மார்ஷல் என்னும் பட்டம் மக்கள் அன்பினால் வழங்கியது. அவர் நம்பியவை மூன்று: சட்டப் புத்தகம், பொதுக்கூட்டம், வாக்குப் பெட்டி. 120 பேர் சபையில் 14 பேரும், 108 பேர் சபையில் 8 பேரும் கணக்கில் வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளவர்கள் தவறாமல் சாவடிக்குச் சென்றதே.

நம் நிலை என்ன? நம்மில் பலருடைய பெயர் இன்னும் சொந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை திருவிழாவுக்குப் போகும் ஊரில் வாக்கு. ஆண்டு முழுதும் வாழும் ஊரில் வாக்கில்லை. தேர்தல் நாளில் விடுப்புக் கிடையாது. வண்டியில் இடம் கிடையாது. ஆகவே இரண்டிடத்திலும் நாம் எண்ணப்படுவதில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியிலேயே பெயர் பதிய வேண்டுமென்றும், ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் பதியலாகாது என்றும் தெளிவாகக் கூறுகிறது. பெயரை இங்கே மாற்றிக்கொள்வது ஊரைத் துறப்பதாகுமோ என்று சில பெரியவர்கள் தயங்குகின்றனர். ஊர்ப்பற்று வாக்காளர் பட்டியலில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது. தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாய் இருக்கிறதென்று நாம் எழுதும் மனுவைப் படிப்பவர், நம் வாக்கை நாடி நம் தெருவுக்கு வருபவராய் இருத்தல் நல்லது. தேவிகுளத்தை நோக்குங்கள். எல்லை மாறாமலே அத்தொகுதியின் உறுப்பினர் 2021-ஆம் ஆண்டில் கேரளச் சட்டசபையில் தமிழில் உறுதிமொழி கூறினார். சபைக்குள் தமிழைக் கொண்டு சென்றது அத்தொகுதி மக்களின் வாக்கு.

மலையாள நண்பர்களோடு பகையின்றி, நம் மொழியையும் கைவிடாமல், இந்நகரின் குடிமக்களாக நிமிர்ந்து வாழ்வதே நம் கடமை. அமர்வதற்கு முக்காலி தந்தபோது நேசமணி அவர்கள் அதனை ஏற்கவில்லை. நமக்கோ நாற்காலியே சட்டப்படி காத்திருக்கிறது. சென்று அமர வேண்டியதே நம் பொறுப்பு. வரும் பட்டியல் திருத்தத்திற்கு முன் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் இல்லத்தார் பெயர்களைச் சரிபார்த்துக் கொள்வார்களாக. அதுவே குமரித் தந்தைக்கு நாம் செலுத்தும் தக்க வணக்கமாகும்.